எங்கள் வரைபடங்களைத் திருப்பிக் கொடுங்கள்: கிளை நூலகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நூலகர் அவர்களுக்கும் வாசகர் வட்டத்தின் புதிய பொறுப்பாளர்களுக்கும்,

போன மாதம் மூன்றாவது ஞாயிறு காலை பத்தேகால் மணிக்கு நம் நூலகக் கூடத்தின் சுவரில் ஓர் உலக வரைபடம் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டே இடத்தில்தான் சிவப்பு. ஒன்று நடு ஆசியாவில் உஸ்பெகிஸ்தான். இன்னொன்று சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் இடையில் குண்டூசித் தலையளவு லிச்சென்ஸ்டைன். மீதி உலகம் முழுக்க வெள்ளை. இது எதைக் காட்டும் வரைபடம் என்று பத்தொன்பது பேர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம்.

"பருத்தியா?" "இல்லை." "ராஜா ஆளுகிற நாடா?" "ஒன்றில் ஆமாம், இன்னொன்றில் கிடையாது. அதனால் இல்லை." இப்படியே ஓடியது. அப்போது ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒருத்தி எழுந்து, "தாத்தா, இது அந்த ரெண்டு நாட்டப் பத்தினதா, இல்ல அதுங்களச் சுத்தி இருக்கிற நாடுகளப் பத்தினதா?" என்று கேட்டாள்.

ஏழு மாதமாக ஞாயிறுதோறும் இந்த விளையாட்டை நடத்துகிறேன். இதைவிட நல்ல கேள்வியை யாரும் கேட்டதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் வட்டத்தின் பொறுப்பாளர் ஒருவர் உள்ளே வந்து, கூடம் வேண்டும், எல்லாரும் எழுந்திருங்கள் என்றார். வரைபடத்தை ஆணியிலிருந்து இறக்கிச் சுருட்டியதும் அவர்தான். மறுநாள் பலகையில் அறிவிப்பு ஒட்டியிருந்தீர்கள்: "நூலகத்தின் நோக்கத்துக்குத் தொடர்பில்லாத பொழுதுபோக்கு" என்பதால் வரைபட விளையாட்டு நிறுத்தப்படுகிறதாம்.

மூன்று தடவை நேரில் வந்தேன். இரண்டு மனு கொடுத்தேன். "பார்ப்போம்" என்பதைத் தவிர ஒரு சொல் வரவில்லை. அதனால்தான் ஊரே படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

விளையாட்டு என்னவென்று தெரியாமலேயே அதை நிறுத்திவிட்டீர்கள் என்பது என் முதல் வருத்தம். உங்களில் ஒருவர்கூட ஒரு ஞாயிறும் வந்து உட்கார்ந்ததில்லை. ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நாடுகளுக்கு நிறம் அடித்த ஓர் உலக வரைபடத்தை மாட்டுவோம். தலைப்பு இருக்காது. எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்ற குறிப்பு இருக்கும் கீழ்ப்பகுதியைப் பின்பக்கமாக மடித்து கிளிப் போட்டிருப்பேன். கூட்டம் கேள்வி கேட்கும். நான் ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்வேன். விடையை ஊகித்துச் சொல்லலாம், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. விடை சொல்கிறவர் அந்த விடைக்கு ஒத்துவராமல் நிற்கும் ஒரு நாட்டையாவது தானே தேடிக் காட்ட வேண்டும். "முரண்டு நாடு" என்று அதற்கு எங்களுக்குள் பெயர். முரண்டு நாடு ஒன்றுமே இல்லையென்றால் விடை அநேகமாகச் சரி. மூன்று நான்கு இருந்தால் பேசாமல் உட்கார்ந்துவிட வேண்டியதுதான்.

நான் ரயில்வே தபால் பிரிவான ஆர்.எம்.எஸ்.ஸில் முப்பத்தொரு வருஷம் கடிதம் பிரித்தவன். வெளிநாட்டுத் தபால் வந்தால் நாடு நாடாகக் கட்டத்தில் போட வேண்டும். அப்படிப் பழகிய பெயர்களை வைத்துக்கொண்டு ஓய்வுக்காலத்தில் ஏதாவது செய்யலாமே என்று தொடங்கியதுதான் இது. பெரிய நோக்கமெல்லாம் கிடையாது. ஆனால் முதல் மாதத்திலேயே நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. நூலக வாசலை அதுவரை மிதிக்காதவர்கள் வர ஆரம்பித்தார்கள்.

ஏன் என்று யோசித்தேன். நூலகத்தில் எங்கே திரும்பினாலும் எழுத்து. எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும், படிக்கவே தெரியாதவருக்கும் அங்கே உட்கார என்ன இருக்கிறது? இந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் சுவரில் எழுத்தே கிடையாது. குறிப்பை மடித்து மறைத்தவுடன் எம்.ஏ. படித்தவரும் கைநாட்டும் ஒரே பெஞ்சில் வந்துவிடுகிறார்கள். ரெண்டு பேருக்குமே ஒன்றும் தெரியாது!

லாரி ஓட்டும் தம்பி ஒருவர் வந்ததைச் சொல்கிறேன். எட்டு வருஷம் சவுதியில் இருந்துவிட்டு வந்தவர், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அன்று மாட்டியிருந்த படத்தில் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, கென்யா எல்லாம் நீலம். அரைக் கூட்டம் ஒரே குரலில் "வெள்ளைக்காரன் ஆண்ட நாடு" என்றது. சரி, முரண்டு நாடு? ஜப்பான் நீலமாக இருந்தது. தாய்லாந்தும் நீலம். இரண்டையும் யாரும் ஆண்டதில்லை. இந்தோனேஷியாவும் தென்னமெரிக்காவின் சுரினாமும் டச்சுக்காரர்கள் பிடித்த இடங்கள், அவையும் நீலம். மொசாம்பிக் போர்த்துகீசியருடையது, அதுவும் நீலம். இங்கிலாந்துக்காரன் ஆண்ட அமெரிக்கா, கனடா, நைஜீரியா, பர்மா எல்லாம் வெள்ளை. கூட்டம் வாயடைத்துப்போனது.

இந்தத் தம்பி ஒன்றும் பேசாமல் சவுதியையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை தொடைப் பக்கம் போய் முன்னும் பின்னும் அசைந்தது. அப்புறம் அதை நிறுத்திவிட்டு இடது கையை அசைத்துப் பார்த்தார். "அண்ணாச்சி, அங்க எனக்கு கியர் இந்தக் கையில. இங்க வந்தா அந்தக் கையில. இது ரோட்டுல எந்தப் பக்கம் ஓட்டுதாங்கங்கிற படம்" என்றார். அதேதான். சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கு நீலம் அடித்திருந்தேன்.

அதன் பிறகு பேச்சு எங்கெங்கோ போனது. சுவீடன் 1967 செப்டம்பர் 3ஆம் தேதி ஒரே நாளில் நாடு முழுவதையும் இடத்திலிருந்து வலத்துக்கு மாற்றியது, பர்மா 1970இல் மாறியது, சமோவா இந்த இரண்டும் போன திசைக்கு எதிராக 2009இல் வலத்திலிருந்து இடத்துக்கு வந்தது என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். சுவீடன் கதையைக் கேட்ட தம்பி, "ஒரே நாள்ல மாத்துனா எத்தன வண்டி முட்டியிருக்கும்?" என்று கவலைப்பட்டார். அடுத்த வாரம் இன்னும் இரண்டு டிரைவர்களைக் கூட்டிவந்தார். உங்கள் வருகைப் பதிவேட்டில் மூன்று பேர் கையெழுத்தும் இருக்கும், பாருங்கள்.

இன்னொருவர் பீடி சுற்றும் அக்கா. அவருக்குத் தன் பெயரை எழுத மட்டும் தெரியும். ஒரு மணி நேரம் நூலகத்தில் உட்கார்ந்தால் நூறு பீடி போகும். அது கூலியில் குறையும். குறைந்தாலும் வந்தார். அவர் கண்டுபிடித்த படம், ஒருமுறையாவது பெண் ஒருவர் பிரதமராகவோ அதிபராகவோ இருந்த நாடுகளைக் காட்டுவது. பணக்கார நாடு, ஏழை நாடு என்றுதான் கூட்டம் முதலில் போனது. பங்களாதேஷுக்கு நிறம் இருக்கிறது, அமெரிக்கா வெள்ளையாக இருக்கிறது என்றதும் அந்த ஊகம் படுத்துவிட்டது. இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் என்று நான்கும் வரிசையாக நிறம் பூசியிருப்பதை அக்கா விரல் விட்டு எண்ணினார். "பண்டாரநாயக்கா அம்மா, இந்திரா காந்தி, அந்த பெனசீரு..." நான்காவது பெயர் அவருக்கு வரவில்லை. கலிதா ஜியா என்று பின்னாலிருந்து யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். 1960இல் உலகத்திலேயே முதல் பெண் பிரதமர் வந்தது நமக்குப் பக்கத்துக் கடலுக்கு அந்தப் பக்கம் என்று அன்றைக்குத்தான் அந்தக் கூடத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்தது. அடுத்த வாரம் தன் மகளை உறுப்பினராகச் சேர்த்துவிட்டார் அந்த அக்கா.

அவர் வீட்டு வரி ரசீதை ஒருநாள் கொண்டுவந்து காட்டினார். அதில் நூலக வரி என்று ஒரு வரி உண்டு. 1948இல் அன்றைய சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்ததிலிருந்து இருக்கும் ஏற்பாடு அது. புத்தகம் படிக்கத் தெரிந்த வீட்டிலும் வாங்குகிறோம், தெரியாத வீட்டிலும் வாங்குகிறோம். வரி கட்டியவருக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் உட்கார இடம் கொடுத்தோம். அதைத்தான் நூலகத்தின் நோக்கத்துக்குத் தொடர்பில்லாதது என்று எழுதிப் பலகையில் ஒட்டியிருக்கிறீர்கள்.

பொறுப்பாளர்களில் ஒருவர் என்னிடம், "இதெல்லாம் செல்போனில் பசங்கள் ஆடுகிற டைம்பாஸ் சார், இதற்கு நூலகம் எதற்கு" என்றார். ஐயா, நிறத்தால் நாட்டைக் காட்டும் இந்த வித்தைக்குச் செல்போனைவிட வயது அதிகம். 1826இல் பிரான்சில் சார்ல் துப்பேன் என்பவர் தன் நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்திலும் எவ்வளவு பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள் என்பதைக் கறுப்பு வெள்ளைச் சாயலில் காட்டி ஒரு வரைபடம் போட்டார். பள்ளிப்படிப்பு குறைவான இடம் கறுப்பு, கூடுதலான இடம் வெளிச்சம். தெற்குப் பக்கம் இருண்டு கிடந்தது. இந்த வகை வரைபடத்தின் மூதாதை அதுதான். எழுத்தறிவைப் பற்றிக் கவலைப்பட்டு ஒருவர் வரைந்த படத்தில் தொடங்கியதை, நூலகத்துக்குச் சம்பந்தமில்லாதது என்கிறீர்கள்.

நடந்ததில் எனக்கு வெட்கம் தந்த ஒரு ஞாயிறும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அன்று சுவரில் பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் மட்டும் சிவப்பு. படத்தை மாட்டிய கையோடு முன்வரிசையிலிருந்து ஒருவர், "இதுக்கெல்லாம் யோசிக்கணுமா, குண்டு வைக்கிற நாடு" என்றார். சிலர் சிரித்தார்கள். கடைசி பெஞ்சில் இருந்த பாய் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டார். நான் அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறிவிட்டேன். உடனே ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, நான் மேலே சொன்னேனே அதே பிள்ளை, "முரண்டு நாடு சொல்லுங்க மாமா" என்றாள். விதி விதிதானே. அவர் யோசித்தார். ஈராக்கில் குண்டு வெடிக்கவில்லையா, வெள்ளையாக இருக்கிறதே. சிரியா? வெள்ளை. சோமாலியா? வெள்ளை. "அப்ப நான் சொன்னது இல்ல" என்று அவரே சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவரை அப்படிச் சொல்லவைக்க என்னால் முடிந்திருக்காது.

கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் அங்கன்வாடியிலிருந்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் தன் இடது கைச் சுண்டுவிரலை மட்டும் நீட்டிக் காட்டினார். யாருக்கும் புரியவில்லை. "சொட்டு மருந்து ஊத்தினதும் எந்த வெரல்ல மை வைப்போம்?" என்றார்.

இளம்பிள்ளை வாதம்தான். அந்தக் கிருமி இயற்கையாகப் பரவுவது இன்னும் நிற்காத நாடுகள் அந்த இரண்டும். 1995இல் இங்கே சொட்டு மருந்து முகாம் தொடங்கியபோதிருந்து ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலும் செங்கல் சூளையிலும் நின்றவர் அந்த அம்மா. 2009ஆம் வருஷத்துப் படத்தை நான் மாட்டியிருந்தால் இந்தியாவும் அடர்சிவப்பாக இருந்திருக்கும். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் இங்கே 741 பிள்ளைகளுக்கு வந்தது. உலகத்தில் எந்த நாட்டிலும் அவ்வளவு இல்லை. கடைசியாக வந்தது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு. 2014 மார்ச் 27ஆம் தேதிதான் இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசிய வட்டாரத்துக்கே போலியோ இல்லை என்ற சான்று கிடைத்தது. நைஜீரியாவின் சிவப்பு 2020இல் போனது.

கூட்டம் முடிந்து போகும்போது முன்வரிசைக்காரர் கடைசி பெஞ்சுக்குப் போய் பாயிடம் ஏதோ பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்துதான் டீ குடிக்கப் போனார்கள்.

டீ என்றதும் இன்னொன்று. தேநீருக்கு எந்த நாட்டில் என்ன சொல் என்று ஒரு படம் போட்டேன். உலகம் கிட்டத்தட்ட இரண்டே நிறத்தில் அடங்கிவிடும். சீனத்தின் தென்கிழக்குக் கரையில் பேசும் மின்னான் மொழியில் 'தே'. அங்கே சரக்கேற்றிய டச்சுக் கப்பல்கள் போன இடமெல்லாம் அந்தச் சொல் போயிற்று. தரைவழியாக மேற்கே போனது 'சா'. பாரசீகத்திலும் இந்தியிலும் சாய் ஆயிற்று. சீனக் கரையிலுள்ள மக்காவ் துறைமுகத்தில் வியாபாரம் செய்த போர்த்துகீசியர் மட்டும் கடல்வழி வந்தும் 'சா' என்றார்கள். இந்தப் படத்தைக் கண்டுபிடித்ததும் கூட்டம் சண்டைக்கு வந்துவிட்டது. ஏனென்றால் இந்தியா முழுக்க 'சாய்' நிறம்!

"நாம எங்கே சாய் குடிக்கிறோம்? டீ, தேநீர், தேயிலை" என்றார் முன்னாள் தமிழாசிரியர். நம் ஊரிலிருந்து பஸ் ஏறினால் செங்கோட்டை வரைக்கும் டீ, ஆரியங்காவு தாண்டி இறங்கினால் சாயா. அந்த நிறக் கோடு உண்மையில் நம் மலை மேல்தான் போகிறது. சிங்களத்திலும் 'தே' தானே, ஆகவே நம்மை இலங்கையோடு சேர்த்துத்தான் நிறம் அடிக்க வேண்டும் என்று பந்துமுனைப் பேனாவால் வரைபடத்தைத் திருத்தியே விட்டார்கள். ஒரு நாட்டுக்கு ஒரு நிறம் என்று அடித்தால் உள்ளே இருக்கிறவர்கள் காணாமல் போய்விடுவார்கள் என்பதை நான் வகுப்பெடுத்துச் சொன்னால் யார் கேட்பார்கள்? தன் வாயிலிருக்கும் சொல்லைக் காணோம் என்றதும் கோபம் வந்துவிட்டது.

பரோட்டா மாஸ்டர் ஒருவரும் வருவார், அதிகம் பேசமாட்டார். உலக வரைபடத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிகிறதே என்று ஒருநாள் பேச்சு வந்தது. உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் பதினான்கு மடங்கு. நம் இந்தியாவே கிரீன்லாந்தைவிடப் பெரியது. ஏன் இப்படித் தெரிகிறது என்று அட்சக்கோடு, தீர்க்கக்கோடு என்று நான் விளக்கிக் குழப்பிக்கொண்டிருந்தபோது அவர், "உருண்டைய வீசித் தட்டையாக்கினா ஓரம் இழுபடத்தான செய்யும்" என்றார். அதற்கு மேல் விளக்க ஒன்றுமில்லை.

இனி உங்கள் காரணங்களுக்கு வருகிறேன். எழுத்தில் ஒரு காரணம்தான் தந்திருக்கிறீர்கள். ஆனால் வாய்ப்பேச்சில் மூன்று உலாவுகின்றன.

இந்திய எல்லை தப்பாக இருந்ததாக யாரோ புகார் செய்தார்கள் என்பது ஒன்று. அந்தப் புகாரில் நியாயம் உண்டு. தொடக்கத்தில் இணையத்திலிருந்து எடுத்து அச்சடித்த இரண்டு படங்களில் காஷ்மீர் துண்டு துண்டாக இருந்தது. நான் கவனித்திருக்க வேண்டும். இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்துக்கு மாறாக வெளியிடுவது 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது அரசு வேலை பார்த்த எனக்குத் தெரியும். அந்த இரண்டையும் அன்றே கிழித்துவிட்டேன். அதற்குப் பிறகு எல்லாப் படமும் பள்ளிப் பிள்ளைகள் ஸ்டேஷனரி கடையில் வாங்கும் அவுட்லைன் மேப்பைப் பெரிதாக நகலெடுத்து, நானும் பேத்தியும் உட்கார்ந்து கலர் பென்சிலில் தீட்டியவை. இதைப் போன மனுவிலேயே எழுதியிருந்தேன். படித்தீர்களா என்று தெரியவில்லை.

சத்தம் என்பது இரண்டாவது. ஒப்புக்கொள்கிறேன், சத்தம் உண்டு. டீ சண்டை நடந்த அன்று தெருவரை கேட்டிருக்கும். பக்கத்து அறையில் குரூப் ஃபோருக்குப் படிக்கிற பிள்ளைகள் தலையில் கை வைத்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். அவர்கள் வாழ்க்கை அந்தத் தேர்வில் இருக்கிறது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் நூலகத்துக்குப் பின்பக்கம் ஒரு தாழ்வாரம் இருக்கிறதே. உடைந்த நாற்காலியும் பழைய செய்தித்தாள் கட்டுமாக அடைந்து கிடக்கிறது. அதைக் கேட்டிருந்தால் நாங்களே கூட்டிப் பெருக்கியிருப்போம். யாரும் கேட்கவில்லை, நேரே நிறுத்தினீர்கள்.

மூன்றாவது, தேர்வுக்கு உதவாது என்பது. இதற்கு நான் இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் தாளில் வரைபடக் கேள்விக்கென்று மதிப்பெண் இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். சொல்ல மனம் வரவில்லை. பீடி சுற்றும் அக்கா எந்தத் தேர்வும் எழுதப்போவதில்லை. லாரித் தம்பியும் எழுதப்போவதில்லை. நூலகத்துக்கு வருவதற்கு ஒரு தேர்வைக் காரணமாகக் காட்ட வேண்டும் என்று எந்த விதியில் இருக்கிறது?

நிறுத்திய பிறகு என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். டிரைவர்கள் மூன்று பேரும் வருவதில்லை. அக்கா வருவதில்லை, "படிக்கத் தெரியாம அங்க உக்காந்து என்ன செய்ய?" என்கிறார். மகள் மட்டும் புத்தகம் மாற்ற வருகிறாள். பாய் என்னைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம், "அந்த ரெண்டு சிவப்பு என்ன சார், சொல்லிட்டுப் போங்க" என்கிறார். போன நான்கு ஞாயிறுகளின் பதிவேட்டுப் பக்கங்களை அதற்கு முந்தைய நான்கோடு வைத்துப் பாருங்கள். கூடம் வேண்டும் என்று எங்களை எழுப்பினீர்களே, அந்த நான்கு ஞாயிறும் காலை பத்து மணிக்குக் கூடம் காலியாகத்தான் கிடந்தது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மின்விசிறி மட்டும் ஓடியது.

இன்னொரு விஷயம். இது விளையாட்டைவிடப் பெரிய குறை. நிறுத்திய மறுநாள் அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தானே விடையைக் கண்டுபிடிக்கலாம் என்று உங்கள் மேற்கோள் நூல் அலமாரிக்கு வந்திருக்கிறாள். அங்கே இருப்பது ஒரே ஓர் அட்லஸ். முதுகு பிய்ந்து, சணல் கயிறு கட்டியது. உஸ்பெகிஸ்தானைச் சுற்றி என்னென்ன நாடு என்று பார்க்கப் போனவளுக்கு உஸ்பெகிஸ்தானே கிடைக்கவில்லை. அந்த அட்லஸில் அந்த இடம் முழுக்க சோவியத் யூனியன் என்று இளஞ்சிவப்பில் கிடக்கிறது. 1991இல் இல்லாமல்போன நாடு. யூகோஸ்லாவியாவும் அப்படியே இருக்கிறது. 2011இல் பிறந்த தெற்கு சூடான் இல்லை. அவள் என்னிடம் வந்து, "தாத்தா, நீங்க இல்லாத நாட்டுக்கு கலர் அடிச்சிருக்கீங்க" என்றாள். என்ன பதில் சொல்ல?

வரைபட விளையாட்டு நூலகத்தின் நோக்கத்துக்கு வெளியே என்று தீர்மானம் போட நேரம் இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேலான அட்லஸை மாற்ற மட்டும் நேரம் இல்லாமல் போய்விட்டது.

நான் கேட்பவை இவைதான்.

ஞாயிறு காலை பத்து முதல் பதினொன்று வரை பின்பக்கத் தாழ்வாரத்தை எங்களுக்குக் கொடுங்கள். கூட்டுவது, பெருக்குவது, நாற்காலி போடுவது, எடுத்து வைப்பது எங்கள் பொறுப்பு. தேர்வு நெருங்கும் மாதங்களில் படிக்கிற பிள்ளைகள் வேண்டாம் என்றால் நாங்களே நிறுத்திக்கொள்கிறோம்.

பலகையிலிருக்கும் அறிவிப்பை எடுங்கள். விளையாட்டை அனுமதிக்க முடியாது என்றே முடிவு செய்தாலும், அந்த வாசகத்தை மட்டுமாவது எடுங்கள். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் படித்து, தெரியாதவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

அனுமதி இல்லையென்றால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். என் இரண்டு மனுக்களுக்கும் பதிலாக அது இருக்கட்டும். வருகிற மாதக் கடைசிக்குள் வரவில்லையென்றால் மாவட்ட நூலக அலுவலரிடம் போவதைத் தவிர எனக்கு வழி இல்லை. உங்களை மீறிப் போக விருப்பமில்லை என்பதால்தான் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன்.

புதிய அட்லஸ் ஒன்று வாங்குங்கள், தமிழிலும் நாடுகளின் பெயர் உள்ளதாக. நிதி இல்லையென்றால் சொல்லுங்கள், நான் இந்த நூலகத்தின் புரவலர்களில் ஒருவன், நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கித் தருகிறோம். ஆனால் அலமாரியில், பிள்ளைகள் கைக்கு எட்டும் தட்டில் இருக்க வேண்டும். பூட்டி வைக்கக் கூடாது.

கடைசியாக, உங்கள் பீரோவில் இருபத்தேழு வரைபடச் சுருள்கள் இருக்கின்றன. அவற்றைத் திருப்பிக் கொடுங்கள். மேலே ரப்பர் பேண்டு போட்டிருப்பது அந்த இரண்டு சிவப்புப் படம். அதன் விடை கீழே மடித்த பகுதியில் என் கையெழுத்தில் இருக்கிறது. தயவு செய்து பிரித்துப் பார்க்காதீர்கள். பாய்க்கும் சொல்லவில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை. அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் பாக்கி இருக்கிறது. சுற்றி இருக்கிற நாடுகளைப் பற்றியதா என்றால், ஆமாம். மீதியைத் தாழ்வாரத்தில் பேசிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆர்.எம்.எஸ். தாத்தா என்று பிள்ளைகள் கூப்பிடும் உங்கள் வாசகர்